பழைய பாணியில் சிரிக்க வைப்பது எப்படி: துணுக்கும் வெண்பாவும்

வீட்டிலும் பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் நடப்பதை, பழைய பத்திரிகைத் துணுக்கு மாதிரியோ நாலு அடி வெண்பா மாதிரியோ எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசை பலருக்கு இருக்கிறது, ஆனால் "வெண்பாவா, அது புலவர்கள் சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதே இல்லை. தமிழில் வெண்பாவை வைத்துச் சாப்பாட்டுக்குத் தாமதமானதைத் திட்டியிருக்கிறார்கள், துணி தண்ணீரோடு போனதைப் பாடியிருக்கிறார்கள். அன்றாடச் சங்கடத்தைச் சொல்ல இதைவிட நல்ல பாத்திரம் நம்மிடம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் காளமேகத்தைப் பார்த்துவிடலாம். 15ஆம் நூற்றாண்டுப் புலவர். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்தில் பசியோடு உட்கார்ந்திருக்கிறார், சாப்பாடு வந்தபாடில்லை. அவர் பாடிய வெண்பாவில் "பசிக்கிறது" என்ற சொல்லே கிடையாது, திட்டும் கிடையாது. பொழுது சாயும்போது அரிசி வரும், அதைக் குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கும். அவ்வளவுதான் பாட்டு. நேரக் கணக்கைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், சிரிப்பும் கோபமும் கேட்கிறவனுக்கு. சத்திரக்காரர் வருத்தப்பட்டபோது அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகவும் பொருள் சொன்னார் என்று ஒரு கதை உண்டு, அது போனஸ்.

மோருக்கும் அவரிடம் ஒரு பாட்டு இருக்கிறது. ஆய்ச்சி விற்ற மோரில் தண்ணீர்தான் அதிகம். அவர் தண்ணீரைப் பார்த்துப் பேசுகிறார்: வானத்தில் இருந்தபோது உனக்குக் கார் என்று பெயர், தரையில் விழுந்தபின் நீர் என்று பெயர், ஆய்ச்சி கைக்கு வந்தபின் மோர் என்று பெயர், மூன்று பெயரும் பெற்றுவிட்டாயே! குற்றச்சாட்டு முழுக்கப் பாராட்டு விழா மாதிரியே நடக்கிறது. இந்த இரண்டு பாட்டிலும் இருக்கிற சூத்திரம் ஒன்றுதான், இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவதும் அதுதான்: புகாரைச் சொல்லுங்கள், புலம்பாதீர்கள். நடந்ததைத் துல்லியமாகச் சொன்னால் போதும், முகத்தை நேராக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதைப் பற்றி எழுதுவது? எல்லோரும் செய்கிற, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரியங்களைத் தேடுங்கள். கல்யாண வீட்டு மொய்க் கவரில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, விருந்தாளி கிளம்பி வாசல்படியில் நின்றபிறகுதான் உண்மையான பேச்சு ஆரம்பிப்பது, டெய்லர் கடையில் "நாளைக்கு வாங்க" என்பதை நம்பிப் போவது, ஸ்வீட் டப்பாவைத் திறந்தால் உள்ளே ஊசி நூல் இருப்பது. பெரிய விஷயம் வேண்டாம். அரசியல், விலைவாசி என்று மொத்தமாகப் பிடித்தால் கை நழுவிவிடும். விலைவாசி என்றால் தக்காளி விலை ஏறின வாரத்தில் உங்கள் வீட்டு ரசம் என்ன நிறத்தில் இருந்தது என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு மின்வெட்டு. மின்வாரியத்தைத் திட்டினால் யாரும் சிரிக்கமாட்டார்கள், எல்லோரும் ஏற்கெனவே திட்டியாகிவிட்டது. கரண்ட் போனவுடன் நாம் என்ன செய்கிறோம்?

மின்சாரம் போனதும் எல்லோரும் பார்ப்பது
பின்வீட்டில் போனதா என்று.

பக்கத்திலும் போயிருந்தால் வருகிற அந்த நிம்மதியைப் பாட்டில் சொல்லவில்லை, கவனியுங்கள். சொன்னால் கெட்டுவிடும். கேட்கிறவர் தானாகவே அங்கே போய்ச் சேருவார், போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில்தான் சிரிப்பு வருகிறது.

இப்போது துணுக்கு. இரண்டு பேர் பேசுகிற இரண்டு வரி. இது பார்க்கச் சுலபம், ஆனால் ஒரு சொல் அதிகமானாலும் செத்துப்போகும். இதைப் பாருங்கள்:

"பக்கத்து வீட்டுக்காரங்க டம்ளர்ல சர்க்கரை வாங்கிட்டுப் போனாங்களே, திரும்பி வந்துச்சா?"
"டம்ளர் வந்துச்சு, காபித்தூள் கேட்டு."

இதையே "சர்க்கரையைத் திருப்பித் தராமல், காபித்தூள் கேட்டு அதே டம்ளரோடு மறுபடியும் வந்துவிட்டார்கள்" என்று எழுதினால் எல்லாத் தகவலும் இருக்கிறது, சிரிப்பு மட்டும் இல்லை. காரணம் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. எழுத்துத் தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும், அதனால் "காபித்தூள்" என்ற ஆச்சரியம் நடுவில் புதைந்துபோய் "வந்துவிட்டார்கள்" என்ற சப்பையான சொல்லில் வாக்கியம் முடிகிறது. பேச்சுத் தமிழில் நாம் வினையைச் சொல்லிவிட்டுப் பின்னால் ஒன்றைத் தொங்கவிடுவோம் ("போயிட்டான், என் குடையோட"). துணுக்குக்கு அதுதான் உயிர். ஆச்சரியத்தை வினைக்குப் பின்னால் தள்ளுங்கள். அப்புறம், பேசுகிறவர்களுக்குப் பெயர் தேவையா என்று யோசியுங்கள், பெரும்பாலும் தேவையில்லை. "ராமுவும் சோமுவும் ஒருநாள்" என்று ஆரம்பித்தால் கேட்கிறவர் ராமுவின் முகத்தைக் கற்பனை செய்யப் போய்விடுவார். முதல் வரியில் இடமும் சங்கதியும் தெரிந்துவிட வேண்டும், இரண்டாவது வரி அதைத் திருப்பிவிட வேண்டும், மூன்றாவது வரி இருந்தால் அதை அடித்துவிடலாம். "ஹி ஹி", மூன்று ஆச்சரியக்குறி, சிரிக்கிற பொம்மை எதுவும் வேண்டாம்.

சிலேடையைப் பற்றி, அதாவது ஒரே சொல்லில் இரண்டு பொருள் வைப்பதைப் பற்றி, ஒரு வார்த்தை. அதற்கு "கடி" என்று பெயர் வைத்து ஓரங்கட்டிவிட்டார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கலைமகள் ஆசிரியராக இருந்த கி.வா.ஜகந்நாதன் மேடையிலும் பேச்சிலும் சிலேடைக்குப் பேர்போனவர், அவரைத் தமிழறிஞராகத்தான் மதித்தார்கள். இரட்டைப் புலவர்கள் என்று இருவர், ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது, பாட்டில் ஆளுக்குப் பாதி பாடுவார்கள். மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் துணி துவைக்கும்போது துணி தண்ணீரோடு போய்விட்டது. நாம் அதைத் தப்புத் தப்பென்று தப்பினால் அது நம்மைவிட்டுத் தப்பாதா என்று அவர்கள் பாடியதில் தப்புவது துவைப்பதும் ஆகிறது, நழுவுவதும் ஆகிறது. கலிங்கம் என்றால் துணி. இந்தக் கலிங்கம் போனால் என்ன, சொக்கலிங்கம் துணை இருக்கிறான் என்று முடிக்கிறார்கள். நல்ல சிலேடைக்கு இலக்கணம் இதுதான்: இரண்டு பொருளும் அந்த இடத்தில் உண்மையாக இருக்க வேண்டும். துணி துவைபட்டதும் உண்மை, நழுவியதும் உண்மை. சொல் ஒத்துப்போகிறதே என்பதற்காக மட்டும் இழுத்து வந்தால் அப்போது அது கடி, அதில் சந்தேகமில்லை.

பயிற்சி செய்ய எளிய வழி, இரண்டு மூன்று பொருள் உள்ள அன்றாடச் சொல் ஒன்றை எடுத்து அது புழங்கும் இடங்களை எழுதிப் பார்ப்பது. படி என்று எடுத்தால் மாடிப்படி, அரிசி அளக்கும் படி, பாடம் படி, பஞ்சப்படி (அகவிலைப்படி). இதில் எந்த இரண்டு நிஜ வாழ்க்கையில் ஒன்றாக வரும்? அகவிலைப்படி ஏறிய செய்தி வந்த அன்று இப்படி ஒன்று எழுதலாம்:

"பஞ்சப்படி ஏறிடுச்சாமே?"
"ஏறினது நிஜந்தான், விலைவாசி ரெண்டு படி மேல நிக்குது."

இனி வெண்பா. பயப்படாமல் வாருங்கள், விதிகள் கொஞ்சம்தான். பாட்டின் ஓசையை அளக்கும் சின்ன அலகு அசை, அது இரண்டு வகை. ஒரு குறில் தனியாக, ஒரு நெடில் தனியாக, அல்லது இவற்றோடு புள்ளி எழுத்து சேர்ந்தால் நேர். இரண்டு குறில் சேர்ந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ வந்தால் நிரை, பின்னால் புள்ளி இருந்தாலும் நிரைதான். மேலே உள்ள மின்வெட்டுப் பாட்டு இரண்டு அடிக் குறள் வெண்பா, அதில் மின்/சா/ரம் மூன்றும் நேர். போ/னதும் என்பது நேர், நிரை. அசைகள் சேர்ந்தால் சீர். இரண்டு அசைச் சீர் நேரில் முடிந்தால் மாச்சீர் (தேமா, புளிமா), நிரையில் முடிந்தால் விளச்சீர் (கூவிளம், கருவிளம்). மூன்று அசை வந்து நேரில் முடிந்தால் காய்ச்சீர். வெண்பாவுக்குள் இவை மட்டும்தான் அனுமதி. ஒரு சீருக்கு அடுத்த சீர் எப்படித் தொடங்க வேண்டும் என்பதற்கும் ஒரே ஒரு வரிதான் மனப்பாடம்: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். நேரிசை வெண்பா நாலு அடி, முதல் மூன்றில் நாலு சீர், கடைசி அடியில் மூன்று. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றாக முடிய வேண்டும். முதல் இரண்டு அடியும் இரண்டாம் அடியின் கடைசியில் வரும் தனிச்சொல்லும் ஓர் எதுகை (இரண்டாம் எழுத்து ஒத்து வருவது), கடைசி இரண்டு அடிக்கு வேறு எதுகை இருக்கலாம். எழுதியது சரியா என்று பார்க்க அவலோகிதம் என்ற மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பாட்டைப் போட்டால் அசை பிரித்து, தளை (சீருக்கும் அடுத்த சீருக்கும் உள்ள இணைப்பு) எங்கே தட்டுகிறது என்று காட்டிவிடும்.

ஒன்றைச் செய்தே பார்ப்போம். அரசு பஸ்ஸில் நூறு ரூபாய் நீட்டுகிறோம். சில்லறை இல்லாத கண்டக்டர் பாக்கித் தொகையைச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விடுகிறார், கூட்டத்தில் நாம் கேட்கக் கூச்சப்பட்டு இறங்கிவிடுகிறோம். "ஏமாந்து போனேன்" என்று முடிக்கத்தான் கை முதலில் போகும். அது புலம்பல். கொஞ்சம் தள்ளி நின்று யோசித்தால், நம்மிடம் வாங்கிய பணம் அரசாங்கத்திடம் இருக்கிறது, கையெழுத்தோடு சீட்டு நம் பையில் இருக்கிறது, அப்படியானால் நாம் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்! முடிவு கிடைத்துவிட்டது. நகைச்சுவை வெண்பாவை எப்போதும் கடைசி அடியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

"அரசுக்குக் கடன் கொடுத்தேன்" என்பதைத் திருப்பி "அரசுக்கே தந்தேன் கடன்" என்று வைத்தால் கடன் என்ற நிரையசை மலர் வாய்பாடு, ஈற்றுச்சீர் சரி. அரசுக்கே என்பது காய், அடுத்து தந்தேன் நேரில் தொடங்குகிறது. தந்தேன் தேமா, அடுத்து கடன் நிரை. மூன்றாம் அடிக்கு "அர"வுக்கு எதுகை வேண்டும்: வர, தர, இர, பர, கர. கண்டக்டர் தரவில்லை என்பதுதானே கதையே, அதனால் "தரவில்லை". முதல் இரண்டு அடிக்கு நூறு இருக்கிறது: கூறு, ஏறு, சோறு, சேறு, வேறு. இதில் சோறும் சேறும் பஸ்ஸுக்குள் வராது. இப்படி வடிகட்டி வந்தது இது:

நூறுரூபாய் நீட்டினேன்; கண்டக்டர் பாக்கியைக்
கூறுமுன் சீட்டில் எழுதினார் – வேறு
தரவில்லை, என்நிறுத்தம் தாண்டி இறங்கி
அரசுக்கே தந்தேன் கடன்.

"வேறு" என்ற தனிச்சொல்லைக் கவனியுங்கள். பொருள் அங்கே முடியாமல் அடுத்த அடிக்குத் தாவி "வேறு தரவில்லை" என்று சேர்கிறது, படிக்கும்போது அந்த இடத்தில் ஒரு நொடி நின்றால் கேட்கிறவர் காது கொடுத்துக் காத்திருப்பார். வேறு தேமா என்பதால் அடுத்த சீர் நிரையில் தொடங்கியாக வேண்டும், "தர" அதற்கும் உதவுகிறது. அந்த இடத்தில் "ஆறுமுறை" என்று போட்டுப் பாருங்கள், எதுகை சரியாக இருக்கும், ஆனால் அது காய்ச்சீர், தளை தட்டும். "தாண்டி" என்பது தரவில்லைக்கு மோனை (முதல் எழுத்து ஒத்து வருவது). அதைவிட முக்கியம், பாக்கிக்காகக் காத்திருந்ததில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கிய நடையும் அந்த ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. கண்டக்டர் என்ற சொல் வெண்பாவுக்குள் வரலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வரலாம். கம்பீரமான யாப்புக்குள் பஸ் டிக்கெட் வந்து உட்காருவதில்தான் பாதிச் சிரிப்பே இருக்கிறது, அதை "நடத்துநர்" என்று திருத்தினால் நீங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கல்யாணப் பந்திக்கும் ஒன்று. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குப் பின்னால், அடுத்த பந்திக்காக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை எல்லோருக்கும் தெரியும்:

பாயசம் வந்தது, பந்தியில் என்பின்னே
வாயசைவை எண்ணினார் மற்றொருவர் – ஓயாமல்
கையிரண்டும் நாற்காலி மேல்வைத்துச் சொன்னாரே
பையவே உண்ணுங்கள் என்று.

இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அவர்கள் உண்மையாகவே "மெதுவா சாப்பிடுங்க" என்றுதான் சொல்வார்கள். அதற்கு முன்னால் கை எங்கே இருந்தது என்பதைச் சொன்னால் போதும். மிகைப்படுத்துவதே நகைச்சுவை என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

மிகைப்படுத்தியே தீருவேன் என்றால் அடுக்குங்கள். தனிப்பாடல் ஒன்றில் ஒரு பாவப்பட்ட மனிதனுக்கு ஒரே நேரத்தில் பசு கன்று போடுகிறது, மழை கொட்டுகிறது, வீடு இடிந்து விழுகிறது, மனைவிக்கு உடம்பு நோகிறது, ஈரம் காயும் முன் விதைக்க ஓடினால் வழியில் கடன்காரன் மறிக்கிறான், சாவுச் செய்தி சொல்லும் ஓலை வருகிறது, விருந்தாளி வருகிறான், பாம்பு கடிக்கிறது, ராஜா வரி கேட்கிறான், குருக்கள் தட்சணை கேட்கிறார். ஒவ்வொன்றும் தனியாக நடக்கக்கூடியதுதான். மூச்சு விடாமல் வருவதில்தான் வேலை நடக்கிறது, கடைசியில் தட்சணை வந்து நிற்கும் இடம் அற்புதம். அடுக்கும்போது பெரியதிலிருந்து சின்னதுக்கு இறங்குங்கள், பாம்புக்கு அப்புறம் தட்சணை.

வெண்பா ஒத்துவராதவர்கள் கும்மி மெட்டிலோ ஒப்பாரி நடையிலோ எழுதலாம், காதில் ஏற்கெனவே இருக்கிற மெட்டு என்பதால் கை பழக நல்லது. கோயில் வாசலில் தொலைந்த செருப்புக்கு ஒப்பாரி:

வாங்கி முழுசா வாரமில்ல, வாசம்கூடப் போகவில்ல,
தாங்கி நடந்த என்செருப்பே, தனியாப் போன தெங்கேயோ!

யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் மட்டும் நான் பழைய பாணிக்காரன் இல்லை. பழைய துணுக்குகளில் மனைவியின் சமையல், மாமியார், திக்குவாய், காது கேளாதவர், கறுப்பு நிறம், குண்டு உடம்பு என்று ஒரு பெரிய மூட்டையே இருக்கிறது. அதையெல்லாம் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். ஒருவரை நோகடிக்கிறது என்பது ஒரு பக்கம், அவற்றில் கவனிப்பே கிடையாது என்பது இன்னொரு பக்கம். மாமியார் என்றாலே கொடுமை என்று எழுத எந்த மாமியாரையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. காளமேகம் தண்ணீரோடு பேசினார், இரட்டைப் புலவர்கள் தங்கள் துணியோடு. பொருளோடும் நேரத்தோடும் வரிசையோடும் சண்டை போடுங்கள், கிடைக்கிற சிரிப்பில் எல்லோரும் கலந்துகொள்ளலாம்.

சொல்லும் விதம். வெண்பாவை ஒருமுறை சீர் பிரித்து நிதானமாகச் சொல்லிவிட்டு, உடனே இரண்டாம் முறை பேச்சு மாதிரி சொல்லுங்கள். முதல் முறை ஓசை புரியும், இரண்டாம் முறை பொருள் புரிந்து சிரிப்பு வரும். பணி நிறைவு விழா, கல்யாண வாழ்த்து மாதிரி இடங்களில் சொல்வதானால் அந்த ஆளை நன்றாகத் தெரிந்தவர்கள் உடனே கண்டுகொள்ளும் பழக்கம் ஒன்றை (டிபன் பாக்ஸை யாருக்கும் காட்டாமல் திறப்பார், கூட்டத்துக்குக் கடைசியாக வந்து முதலில் கிளம்புவார்) எடுத்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே அவர் வீட்டில் ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதானால் விளக்கவுரை சேர்க்காதீர்கள். புரியாதவர்கள் கேட்பார்கள், புரிந்த சித்தப்பா விளக்குவார், அது அவருக்குச் சந்தோஷம்.

கை பழக ஒரு பழைய வழி ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது. ஒருவர் கடைசி அடியைத் தருவார், மற்றவர் முன் மூன்று அடியைக் கட்ட வேண்டும். எழுதத் தொடங்குகிறவர்களுக்கு இதோ ஒன்று: "நெற்றிமேல் கண்ணாடி பார்." கூவிளம், தேமாங்காய் (மூன்று நேர் வரும் காய்ச்சீர்), நாள், தளை சுத்தமாக இருக்கிறது. முதல் இரண்டு அடியில் கண்ணாடியைத் தேட விடுங்கள், தலையணைக்கு அடியில், பூஜை அலமாரியில், ஃப்ரிட்ஜுக்குள்கூட. மூன்றாம் அடி சுற்றி, பற்றி, முற்றி, வெற்றி என்று ஏதாவது ஒன்றில் தொடங்கட்டும். அதன் கடைசிச் சீர் விளமாகவோ காயாகவோ இருக்க வேண்டும், ஏனென்றால் "நெற்" நேரசை.